கொழுந்துத் தராசுக்கு ஒரு கண்

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெற்றோலும் டீசலும் கிடைக்காமல் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் வாகனங்கள் இரவு பகலாக வரிசையில் நின்ற அந்தக் கொடிய மாதங்களில், தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம் என்ற பெயரில் இலங்கை அரசாங்கம் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூஆர் குறியீட்டை வழங்கியதையும், முச்சக்கரவண்டிச் சாரதி முதல் வைத்தியர் வரை எல்லோரும் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தைத் தாளில் அச்சிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்ததையும் நம்மில் யாரும் மறந்திருக்க நியாயமில்லை. அந்த முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. ஆயினும், யந்திரம் படிக்கக்கூடிய ஓர் அடையாளம் ஒரு மனிதனுக்குரிய பங்கையே நிர்ணயிக்க வல்லது என்னும் விஷயத்தை, அதுவரை சவர்க்கார உறையின் மூலையில் கிடந்த கோடுகளை ஒரு பொருட்டாக எண்ணாதிருந்த பொதுஜனங்களுக்கு அந்த அனுபவமே கற்பித்தது.

நான் எழுதப் புகுவது அந்தச் சதுரத்தைப் பற்றியன்று. அதற்கு மூத்ததாகிய பார்கோட் என்னும் கோட்டுக் குறியீட்டைப் பற்றியும், அதனைப் படித்து எண்ணாகவும் எழுத்தாகவும் மாற்றிக் கொடுக்கும் டிகோடர் சிப் என்ற சிறு சாதனத்தைப் பற்றியும், அந்தச் சிப்பை ஏற்கெனவே நம்மிடமுள்ள இலத்திரனியல் கருவிகளோடு பொருத்தினால் விளையக்கூடிய பிரயோஜனத்தைப் பற்றியுமே எழுத விரும்புகிறேன். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்ளும் கருவி கணினியோ கைத்தொலைபேசியோ அல்ல. கண்டிக்குத் தெற்கே ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை என்று விரிந்து கிடக்கும் மலைச்சரிவுகளில், தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் தொங்குகிற தராசு.

கோட்டுக் குறியீட்டின் சரித்திரம் நீண்டதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், திரெக்செல் தொழில்நுட்பக் கல்லூரியைச் சேர்ந்த நோர்மன் ஜோசப் வுட்லண்ட், பேர்னாட் சில்வர் என்ற இரு இளைஞர்கள், கடையில் விற்கும் பண்டத்தின் விவரத்தை யந்திரமே படித்தறிய வேண்டும் என்ற நோக்கத்தோடு 1949-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1952 ஒக்டோபர் 7-ஆம் தேதி அதனைப் பெற்றார்கள். மோர்ஸ் தந்திக் குறியின் புள்ளியையும் கோட்டையும் கீழ்நோக்கி நீட்டினால் மெல்லிய பட்டையும் தடித்த பட்டையும் கிடைக்கும் என்பதே வுட்லண்டின் மூல யோசனை. ஆனால் யோசனை பிறந்த காலத்தில் அதைப் படிப்பதற்குரிய மலிவான ஒளியும் இல்லை, வேகமாகக் கணக்கிடும் சிறு யந்திரமும் இல்லை. ஆகவே ஓஹையோ மாநிலத்து ட்ரோய் என்ற சிற்றூரில், 1974 ஜூன் 26-ஆம் தேதி, மார்ஷ் கடையில் ஒரு சூயிங்கம் பொதி முதன்முதலாகக் குறியீட்டின் வழியே விற்கப்படும் வரை, காப்புரிமை பெற்ற பின்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த யோசனை காலத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தது. இன்று கண்டி தலதா வீதியில் ஒரு கடைக்குள் நுழைந்து, பிஸ்கட் பொதியையோ தேயிலைப் பெட்டியையோ திருப்பிப் பார்த்தால், கோடுகளுக்குக் கீழே 479 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்கங்கள் பெரும்பாலும் காணப்படும். அந்த 479 இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது, இந்தியாவுக்கு 890. பொருள் உற்பத்தியான இடத்தை அது காட்டுவதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், அந்த எண்ணை வழங்கிய நாட்டு அமைப்பு எது என்பதை மாத்திரமே அது தெரிவிக்கிறது.

இனி, யந்திரம் இந்தக் கோடுகளை எவ்விதம் படிக்கிறது என்பதைச் சற்று நிதானமாகக் கவனிப்போம், ஏனெனில் டிகோடர் சிப்பின் சூட்சுமம் முழுவதும் இங்கேதான் அடங்கியிருக்கிறது. பேனாவைப் போன்ற ஒரு படிப்பான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நுனியிலிருந்து சிவந்த ஒளி கசிந்து தாளின்மேல் விழுகிறது. வெள்ளை இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்ப, கறுப்புப் பட்டை அதனை விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியை ஓர் ஒளியுணரி ஏற்று, வெளிச்சம் உண்டு, இல்லை என்ற இரண்டே நிலைகளையுடைய மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. பேனாவைக் கோடுகளின் குறுக்கே இழுக்கும்போது இந்தச் சமிக்ஞை மாறி மாறி ஏறி இறங்குகிறது. பேனாவின் வேலை அவ்வளவே. அது படிப்பதில்லை, பார்க்க மட்டுமே செய்கிறது. எந்தப் பட்டை எவ்வளவு நேரம் நீடித்தது என்று அளந்து, அந்த அளவுகளிலிருந்து எழுத்தைக் கண்டுபிடிப்பது சிப்பின் தொழில்.

அந்த நேரம் எவ்வளவு குறுகியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகிறது. கடைப் பண்டங்களில் அச்சிடப்படும் குறியீட்டின் மிக மெல்லிய பட்டை, நியம அளவில், 0.33 மில்லிமீற்றர் அகலமுள்ளது. ஒருவர் பேனாவை ஒரு வினாடிக்கு 50 சென்ரிமீற்றர் வேகத்தில் இழுத்தால், அந்தப் பட்டையை அது கடக்க ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 660 பங்கே செல்லும். ஆனால் 1980-இல் வெளிவந்த இன்டெல் 8051 என்ற, இன்று மிகப் பழையதாகிவிட்ட சிறு கட்டுப்பாட்டுச் சிப்புங்கூட, ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் ஓர் எளிய கட்டளையை நிறைவேற்றிவிடும் சக்தியுள்ளது. மனிதக் கையின் அவசரம் எத்தனை பெரிதாயினும், அந்தச் சிப்புக்கு அது தாராளமான அவகாசமே.

ஆயினும் இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. ஒருவர் பேனாவை மெதுவாக இழுப்பார், மற்றொருவர் விசையாக இழுப்பார். ஒரே கை தொடக்கத்தில் தயங்கி முடிவில் பாயும். அப்படியானால் 660 என்ற அளவு மெல்லிய பட்டையைக் குறிக்கிறதா, தடித்த பட்டையைக் குறிக்கிறதா என்பதை எவ்வாறு நிர்ணயிப்பது? விளம்ப காலத்தில் பாடினாலும் துரித காலத்தில் பாடினாலும், லகுவும் திருதமும் தம்முள் கொண்ட விகிதம் மாறாதிருப்பதனால் தாளம் இன்னதென்று கேட்பவன் அறிந்துகொள்கிறானல்லவா? சிப்பும் அவ்வாறே தனித்தனி அளவுகளை நம்பாமல், அடுத்தடுத்துள்ள பட்டைகளின் விகிதத்தை நம்புகிறது.

குறியீடுகளில் பல வகை உண்டு. 1974-இல் இன்டர்மெக் நிறுவனத்தில் டேவிட் அலே, ரே ஸ்டீவன்ஸ் என்பவர்கள் வகுத்த 'கோட் 39' என்பதில், ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து பட்டையும் நான்கு இடைவெளியுமாக ஒன்பது கூறுகள் உண்டு. ஒன்பதில் மூன்று மட்டுமே தடித்தவை. ஆகையால் எண்ணிப் பார்த்து மூன்றில்லையென்றால் படித்தது பிழை என்று சிப் உடனே கண்டுகொள்ளும். கடைப் பண்டங்களின் குறியீடு இதைவிட நெருக்கமானது. அதில் ஓர் இலக்கத்துக்கு இரண்டு பட்டையும் இரண்டு இடைவெளியுந்தான். அவற்றின் அகலமும் நான்கு தரமாக வேறுபடும். அச்சு மை தாளில் சிறிது பரவினால் பட்டை கொழுத்து இடைவெளி மெலிந்துவிடும் என்பதனால், பட்டையைத் தனியே அளக்காமல், ஒரு பட்டையின் முன்விளிம்பிலிருந்து அடுத்த பட்டையின் முன்விளிம்பு வரை அளப்பது டிகோடர்களின் உத்தி. பரவிய மை அந்தத் தூரத்தைப் பாதிக்காது. இந்த உத்தியால் 1-ஐயும் 7-ஐயும், 2-ஐயும் 8-ஐயும் பிரித்தறிய முடியாது என்பதால், அந்த நான்கு இலக்கங்களுக்கு மட்டும் பட்டையின் அகலத்தையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. வலமிருந்து இடமாக இழுத்தாலும் நேராகப் புரிந்துகொள்ளும் விவேகமும் அதற்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. இவையெல்லாம் விரல் நகமளவு சிலிக்கனில் நடக்கின்றன என்பதை நினைக்கும்போது, இந்த வித்தையை வகுத்தவர்களின் பொறுமையை நான் மெய்யாகவே வணங்குகிறேன்.

இந்த விவேகத்தைத் தனியே ஒரு சிப்பாக்கி விற்றால், கருவி செய்யும் எவரும் அதை வாங்கித் தம் கருவியில் சேர்த்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனத்தார் முக்கியமானவர்கள். 1979-இல் அவர்கள் வெளியிட்ட எச்பி-41சி என்ற சட்டைப்பைக் கணிப்பானுக்கு ஓர் ஒளிப்பேனாவும் துணைக்கருவியாக வந்தது. புத்தகத்தில் அச்சிட்டிருந்த கோடுகளின்மேல் அந்தப் பேனாவை இழுத்தால், நீண்ட கணித நிரல் முழுவதும் விசையைத் தட்டாமலே கணிப்பானுக்குள் ஏறிவிடும். பின்னர் 1980-களில் அதே நிறுவனம், பல வகைக் குறியீடுகளையும் தானே இனங்கண்டு படிக்கும் டிகோடர் சிப்களைப் பிற உற்பத்தியாளருக்காக விற்றது. ஒருபுறம் ஒளிப்பேனாவை இணைக்க வேண்டும். மறுபுறத்தில், படித்த எண் சாதாரண எழுத்துக்களாக வரிசையாக வெளிவரும். சரியாகப் படித்தால் ஒரு 'பீப்' ஒலி. தராசு செய்பவரோ, பரிசோதனைக்கூடக் கருவி செய்பவரோ கோடுகளின் சாஸ்திரத்தைக் கற்க வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று. இன்று அந்தப் பழைய சிப்களின் இடத்தில், ஒளியும் உணரியும் டிகோடரும் ஒன்றாகச் சேர்ந்த, தீப்பெட்டியிலும் சிறிய படிப்பான்கள் வந்துவிட்டன. ஆனால் அவை வெளியே விடும் சமிக்ஞை இன்னும் அதே எளிய வரிசைச் சமிக்ஞைதான். பழைய கருவிக்கும் புதிய கண்ணுக்கும் இடையே பேச்சு தடைப்படாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது தோட்டத்துக்கு வருவோம். லூல்கந்தர தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் தொட்டு, இந்த மலைகளின் தேயிலை வருமானம் முழுவதும் ஒரு பெண்ணின் இரண்டு விரல்களுக்கிடையே கிள்ளப்படும் இரண்டு இலையையும் ஒரு மொட்டையும் நம்பியே இருந்து வருகிறது. காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலையேறுகிறவள், பறித்த கொழுந்தை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை மடுவத்துக்குக் கொண்டுவந்து நிறுக்கக் கொடுக்கிறாள். கணக்கப்பிள்ளை தராசைப் பார்த்துக் கிலோவைச் சொல்லி, கொழுந்துக் கணக்கில் அவளுடைய இலக்கத்துக்கு எதிரே எழுதுகிறார். அது அவளிடமுள்ள துண்டிலும் பதிவாகலாம், பதிவாகாமலும் போகலாம். பின்னர் அந்தக் கணக்கு அலுவலகத்துச் சம்பளப் பதிவேடாகிய செக்ரோலுக்கு ஏறுகிறது. முழு நாட்சம்பளமாகிய முழுப் பேர் கிடைக்குமா, அரைப் பேர் கிடைக்குமா, மேலதிகக் கிலோவுக்குக் காசு உண்டா என்பவையெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்தவை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக விதிக்கப்பட்ட பிறகு, எத்தனை கிலோ பறித்தால் அந்தப் பேர் முழுமையாகும் என்ற கேள்வி பல தோட்டங்களில் முன்னிலும் கூர்மையடைந்தது. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோவைப் பற்றிய முறைப்பாடு மலையகத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எந்த லயத்துக்குச் சென்றாலும் கேட்கக்கூடியது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற கணக்கைத் தொழிற்சாலை ஒருபோதும் மறப்பதில்லை. பறித்தவளின் கிலோவும் அதே கவனத்தோடு காக்கப்பட வேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

கம்பித் தராசு இருந்த பல இடங்களில் இப்போது இலத்திரனியல் தராசு வந்திருக்கிறது. அதற்குள் ஓர் உலோகத் துண்டு பாரத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைய, அந்த வளைவினால் மின்தடை மாறி, அந்த மாற்றம் எண்ணாகித் திரையில் தோன்றுகிறது. அந்தத் தராசுக்கு எத்தனை கிலோ என்று தெரியும். யாருடைய கிலோ என்று தெரியாது. தோட்டங்கள் சிலவற்றில் தொழிலாளருக்கு இலத்திரனியல் அட்டை வழங்கித் தராசோடு இணைத்த புதிய ஏற்பாடுகள் வந்துள்ளன. எனினும் முழு ஏற்பாட்டையும் விலைக்கு வாங்கச் சக்தியற்ற சிறு தோட்டங்களும், கொழுந்து சேகரிக்கும் சிறுபற்று நிலையங்களும் இந்த மலைகளில் ஏராளம். அவர்களுடைய தராசின் பின்புறத்தில் அச்சியந்திரத்துக்கென்று ஒரு துவாரம் பெரும்பாலும் இருக்கிறது. ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சிப்பை இடையிலே வைத்து, அந்தத் துவாரத்திலிருந்து கிலோவையும் பெண்ணின் அட்டையிலுள்ள கோட்டுக் குறியீட்டைப் படிக்கும் டிகோடரிடமிருந்து அவளுடைய இலக்கத்தையும் அது பெற்றுக்கொள்ளும்படி செய்து, இரண்டையும் நேரத்தோடு சேர்த்துச் சேமித்தால், பழைய தராசே போதும். பேராதனைப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவருக்கு அது ஒரு பருவத்துச் செயற்றிட்டத்துக்கு மேற்பட்ட வேலையன்று. சில வோல்ற்று மின்சாரத்தில் இயங்குவதனால், மின்கம்பி எட்டாத மலையிலும் ஒரு பற்றரி அதற்குப் போதுமானது.

அட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள் அவசியம், ஏனெனில் இந்த முயற்சிகள் தோற்பது பெரும்பாலும் அட்டையிலேயே. கோட்டுக் குறியீட்டின் பெரிய சிறப்பு, அதற்கென்று விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டியதில்லை என்பது. நகரத்துக் கொமியுனிகேஷன் கடையில் அச்சிட்டு உறையிட்டுக்கொள்ளலாம். ஆனால் அழகுக்காகச் சிவப்பு மையில் அச்சிட்டால் அட்டை பயனற்றதாகும். சிவந்த ஒளிக்குச் சிவப்புப் பட்டையும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலவே தோன்றும். கறுப்பும் கருநீலமுமே ஏற்றவை. கோடுகளின் இருபுறத்திலும் எதுவும் அச்சிடாத வெற்றிடம் விடவேண்டும். அந்த இடத்தில் தோட்டத்தின் முத்திரையைக் குத்திவிட்டால், எழுத்து எங்கே தொடங்குகிறது என்று சிப் திகைக்கும். மழையிலும் மூடுபனியிலும் நனைந்த உறையின் பளபளப்பு, ஒளியை நேரே திருப்பியடித்துப் படிப்பானைக் கூசச் செய்யும் என்பதனால், அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கப் பழக வேண்டும்; பளபளப்பில்லாத உறை அதனினும் மேல். தாளில் உராயும் பேனாவைவிட, விரலிடைத் தூரத்திலிருந்து படிக்கும் கருவியே சேறும் கொழுந்துச் சாறும் படியும் இடத்துக்கு உகந்தது.

அட்டை கிழிந்துபோனால் என்ன செய்வது? அப்போது கணக்கப்பிள்ளை இலக்கத்தை விசைப்பலகையில் தட்டுவார். இங்கேதான் சோதனை இலக்கம் என்ற தற்காப்பு பயன்படுகிறது. 3172 என்பது ஒரு பெண்ணின் இலக்கமானால், வலப்புறத்திலிருந்து மாறி மாறி மூன்றாலும் ஒன்றாலும் பெருக்கிக் கூட்டினால் 19 வரும். அதை 20 ஆக்க ஒன்று தேவை. எனவே அவளுடைய அட்டையில் 31721 என்றிருக்கும். 3472 என்று தவறாகத் தட்டினால் கூட்டுத்தொகை 28 ஆகி, 2 வேண்டியதாகும். அட்டையின் ஈற்றிலுள்ள 1 அதனோடு பொருந்தாமற் போகவே, கருவி மறுத்துவிடும். கடைப் பண்டங்களைக் காக்கும் கணக்கும் இதுவே. ஆனால் இதில் ஓர் ஓட்டையும் உண்டு: 3172-ஐ 3127 என்று இடம் மாற்றித் தட்டினால் 29 வந்து, அதற்கும் சோதனை இலக்கம் 1 என்றே அமையும். தமக்குள் 5 வித்தியாசமுள்ள அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் இந்தக் கணக்கு ஏமாந்துபோகும். பிஸ்கட் பொதியில் இத்தகைய பிழை நேர்ந்தால் கடைக்காரருக்குச் சில ரூபா நஷ்டம். மடுவத்தில் நேர்ந்தால் ஒரு பெண் காலை முழுவதும் பறித்த கொழுந்து மற்றொருத்தியின் கணக்கில் ஏறிவிடும். ஆகையால் எண்ணை மட்டும் நம்பாமல், எண்ணைப் படித்தவுடன் பெயர் திரையிலே தெரிய வேண்டும், அதுவும் நிறுப்பவர் பக்கத்தில் மட்டுமன்றி நிறுக்கக் கொடுப்பவள் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன்.

கண்டியின் சுற்றுப்புறத்தில் இந்தச் சிறு கண்ணுக்கு வேறு வேலைகளும் உண்டு. நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில், வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் குழாயில், பேராதனைப் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரச் சேகரிப்பைப் போன்ற இடங்களில் ஒவ்வொரு மாதிரித் தாளையும் இனங்காண்பதில் அதன் பயன் வெளிப்படை. அவற்றை விரிக்கத் தேவையில்லை. அவ்விடங்களிலெல்லாம் படிக்கப்படுவது ஒரு பொருளின் அடையாளம். மடுவத்திலோ படிக்கப்படுவது ஒரு மனுஷியின் உழைப்போடு கட்டப்பட்ட அடையாளம். அதனால் கருவியை அமைக்கும் விதத்திலும் வேறுபாடு இருந்தே தீரவேண்டும்.

அந்த வேறுபாட்டை நான் இவ்வாறு கருதுகிறேன். சேமிக்கப்பட்ட கணக்கு தோட்டத்து அலுவலகத்துக்கு மட்டும் போய்ச் சேர்வதானால், சிப் எவ்வளவு பிழையின்றிப் படித்தாலும், கணக்கப்பிள்ளையின் பென்சில் இருந்த இடத்தில் ஒரு யந்திரம் வந்து உட்கார்ந்தது என்பதற்கு மேல் பறிப்பவளுக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஒவ்வொரு நிறுவையின் முடிவிலும் அதே தராசிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு அவள் கைக்கு வரவேண்டும்: பெயர், இலக்கம், நேரம், தராசு காட்டிய மொத்தக் கிலோ, கழிக்கப்பட்ட கிலோ, கழித்ததற்குக் காரணம், எஞ்சிய கிலோ, அன்றைய கூட்டு. கழிப்பு நியாயமானதாயின் அதை அச்சிடுவதில் தோட்டத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மாத முடிவில் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க அவளிடமும் ஒரு சாட்சி இருக்கும். வெப்பத்தால் அச்சிடும் சிறு யந்திரத்தின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதனால், சம்பள நாள் வரையிலாவது வெயிலில் படாமல் பத்திரப்படுத்தும்படி அவளிடம் சொல்லிக் கொடுப்பதும் அவசியம்.

அந்தச் சீட்டு தமிழில் இருக்கவேண்டும். மலிவான அச்சியந்திரங்களில் தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் உள்ளடங்கியிருப்பதில்லை என்பதைக் காரணங்காட்டி, பல கருவிகள் ஆங்கிலத்திலேயே சீட்டுத் தருகின்றன. இது தீர்க்க முடியாத சங்கடமன்று. சீட்டில் வரக்கூடிய சொற்கள் இருபதுக்கு மேற்படா. பெயர்களோ தோட்டத்துப் பதிவேட்டில் உள்ளவை. அவற்றையெல்லாம் முன்கூட்டியே சிறு படங்களாக்கி நினைவகத்தில் வைத்து, தேவையான போது எழுத்துக்குப் பதிலாகப் படமாகவே அச்சிட்டுவிடலாம். அதற்கு வேண்டிய நினைவக இடமோ, இன்று விற்கப்படும் மிக எளிய சிப்பிலும் மிகுதியாகவே உண்டு.